கண்காணிப்பு அண்ணை போடாத வாக்கு

தேர்தலில் நிற்பவர்கள் தேர்தலுக்குப் பயப்படுவது இயல்பு. தேர்தலில் நிற்காமல், யாரையும் நிறுத்தாமல், ஒரு சுவரொட்டிகூட ஒட்டாமல், ‘தேர்தல்’ என்ற சொல்லைக் கேட்டதுமே வியர்த்துப்போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் டோர்ட்மண்டில், எங்கள் கட்டடத்தில், எனக்கு மேல் மாடியில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கும் நகரசபைக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் கண்காணிப்பு அண்ணை.

அந்தப் பெயர் கோயில் நிர்வாகசபைத் தெரிவில் வந்தது. கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று ஐயர் சொல்லிவிட்டார். எல்லாரும் தூக்கினார்கள். அண்ணை துள்ளி எழும்பி, “ஒருத்தரும் கையை இறக்காதேங்கோ!” என்று கத்திக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து மூன்று தரம் எண்ணினார். மூன்றாம் தரத்தில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, “கள்ள வாக்கு!” என்று கூவிவிட்டார். அந்த மனுசன் பாவம், ஒரு கை உளைந்துபோய் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தவர்.

அடுத்தது தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் சங்கம். வாக்குப்பெட்டியாக ஒரு பிஸ்கட் தகரம். அண்ணை அதைக் கயிற்றால் கட்டி, மெழுகுதிரி உருக்கி ஊற்றி, அதற்கு மேல் நாடா ஒட்டி முத்திரையிட்டார். முத்திரை அவ்வளவு திறம். தகரத்தை யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் பாடசாலைப் பராமரிப்பாளர் இரும்பறுக்கும் வாளோடு வந்து அறுத்தார். சீட்டுகளில் பாதி இரண்டாக அறுந்து வந்தன. அரைச் சீட்டுகளைப் பொருத்திப் பார்த்துப் பார்த்து அன்றைக்குத் தலைவரைத் தெரிவு செய்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இந்த மனுசன் ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. அண்ணை கையெழுத்துப் போட மாட்டார். வீட்டு ஒப்பந்தத்தில் மனைவியின் கையெழுத்து. பொதி கொண்டுவருகிறவன் மணி அடித்தால் அண்ணை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அவர்கள் வீட்டுச் சப்பாத்து, போர்வை, மிக்சி எல்லாம் என்னுடைய கையெழுத்தில்தான் வந்து சேர்ந்தன. ஜேர்மன் பிரஜாவுரிமைக்கான விண்ணப்பம் ஆறு மாதம் அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ் தொங்கியது. “இந்தாளின்ர கையில பேனையைக் குடுத்தாப் பாம்பைக் குடுத்த மாதிரி நிக்குது,” என்று அண்ணையின் மனைவி, அக்கா, என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். ஆறாம் மாதம் ஒருநாள் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கினார். கிடைத்தது.

கிடைத்த வாரமே என் கதவைத் தட்டினார்.

“பிள்ளை, நான் வாக்குப் போடப் போறன்.”

“நல்லதுதானே அண்ணை. போடுங்கோ.”

“சும்மா போய்ப் போட ஏலாது. பெட்டி எங்க போகுது, ஆர் எண்ணுறான், ஒண்டும் தெரியாமல் என்னெண்டு போடுறது? உள்ளுக்க இருந்து பாத்துத்தான் போடுவன். நீயும் வாறாய். தேர்தல் உதவிக்கு உன்ர பேரையும் அனுப்பிப்போட்டன்.”

நான் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வாரம் முழுக்க மற்றவர்களின் பல்வலியைக் கேட்பவள். ஞாயிறு ஒன்றுதான் எனக்கு நித்திரை. அந்த ஞாயிறை அனுப்பிவிட்டாராம்! ஏச வாயெடுத்தேன். ஆனால் அவர் ஒன்று சொன்னார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு இதுதான் முதல் வாக்கு. ஊரில் முதல் தரம் வாக்களிக்கப் போனபோது அவருடைய பெயரில் யாரோ விடியவே போட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். பிறகு அரசாங்க எழுதுவினைஞர் வேலை. தேர்தல் நாட்களில் வேறு ஊர்களில் கடமை. பிறகு ஜேர்மனி, பாண் தொழிற்சாலை, முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் வாக்களிப்பதை வேடிக்கை பார்த்தது. “எத்தனை மணிக்கு அண்ணை?” என்று கேட்டேன்.

தேர்தல் உதவியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஒரு கைந்நூல் தந்தார்கள். நாயோடு வருகிறவரை என்ன செய்வது, சீட்டில் கோப்பி ஊற்றுப்பட்டால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தது. கேள்வி உண்டா என்று பயிற்சி தந்தவர் கேட்டார். அண்ணை கையைத் தூக்கினார்.

“துவக்கோட வந்தா எத்தனையாம் பக்கம்?”

துப்பாக்கியைத்தான்! ஜேர்மன் மொழியில்தான் கேட்டார், பிழையில்லாமல் கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பயிற்சி தந்தவர் சிரித்துக்கொண்டே கைந்நூலைப் புரட்டினார். அப்படி ஒரு பக்கம் இல்லை. சிரிக்காமல் இருந்தது அண்ணை மட்டும்தான்.

நாடாளுமன்றத் தேர்தல் மாசிக் குளிரில் வந்தது. எங்கள் வாக்களிப்பு நிலையம் ஓர் ஆரம்பப் பள்ளியின் வகுப்பறை. எங்கள் இருவருக்கும் பின்நேரக் கடமைதான். ஆனாலும் அண்ணை காலை ஏழரைக்கே போய், வெறும் பெட்டியைக் காட்டுகிற சடங்கைப் பார்த்திருக்கிறார். பெட்டி என்பது சில்லு வைத்த குப்பைத் தொட்டிதான், மூடியில் ஒரு வெட்டு. அண்ணை அதற்குள் தலையை விட்டு அடித்தட்டைத் தட்டிப் பார்த்தாராம். பிறகு எனக்குத் தொலைபேசி.

“பிள்ளை, குப்பை வாளிக்குள்ளயாம் போடுறது! பொலிசும் இல்லை. விரலுக்கு மையும் இல்லை. ஒரு பென்சிலைக் கட்டித் தூக்கியிருக்கினம். இது நல்லதுக்கில்லை.”

எங்கள் நிலையத் தலைவி ஃபிரௌ ப்ரிங்மான், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எதற்கும் பதற்றப்படாத மனுசி. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வெட்டை மூடியிருந்த மட்டையைத் தூக்கித் தூக்கி வாக்கை உள்ளே விடுவது அவர் வேலை. வாக்காளர் இடாப்பில் பெயருக்கு நேரே அடையாளம் போடுவது என் வேலை. சீட்டு கொடுப்பது அண்ணை. கொடுத்த ஒவ்வொரு சீட்டையும் தன் கொப்பியிலும் எழுதினார். ஒரு பாட்டி நாயோடு வந்தபோது, ‘நாய் 1, வாக்களிக்கவில்லை’ என்று எழுதினார்.

மூன்று மணி போல நீலத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். என்னையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்களா எண்ணப் போகிறீர்கள்?” என்றார்.

“நாங்கள் எல்லோரும்,” என்றார் ஃபிரௌ ப்ரிங்மான்.

“அப்படியென்றால் ஆறு மணிக்கு நான் வந்து பார்ப்பேன்.”

“வாருங்கள். யாரும் வந்து பார்க்கலாம், அதுதான் சட்டம்.”

அவர் போய்விட்டார். இந்த நாட்டில் ஒன்பது வயதிலிருந்து இருக்கிறேன். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு பிழைகூட விடக்கூடாது என்று நினைத்தேன். அப்போதிருந்து ஒவ்வொரு அடையாளத்தையும் இரண்டு தரம் பார்த்தேன்.

நாலரைக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் படிவம். ஓர் உயர்ந்த ஆண், கண்ணாடி போட்ட ஒரு பெண். தேர்தலைப் பார்க்க வந்த சர்வதேசக் கண்காணிப்பாளர்களாம்! ஜேர்மனியைக்கூடப் பார்க்க ஆள் வருகிறதா என்று நான் வாயைப் பிளந்தேன். சரி, அண்ணைக்கு இன்று தீபாவளி, தன் இனத்தைக் கண்டுவிட்டார் என்று திரும்பிப் பார்த்தால், மனுசனின் முகத்தில் இரத்தம் இல்லை. என் கையைப் பிடித்து உலகப்படம் தொங்கிய மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பிள்ளை, உவையைப் போக விடாதை.”

“ஏன் அண்ணை? வந்தவை, பாத்திட்டுப் போவினம்.”

“அதுதான் சொல்லுறன். உவையள் நிக்கும்வரைக்கும் ஒண்டும் நடக்காது. போன பிறகுதான் நடக்கும்.”

அங்கே நின்றுதான், குரலை இறக்கி, அவர் அதைச் சொன்னார். ஊரில் ஒரு பள்ளிக்கூடம். அவர் அங்கே தேர்தல் கடமைக்குப் போன இளம் கிளாக்கர். வெள்ளை வாகனத்தில் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். இளநீர் குடித்தார்கள். படிவத்தில் ‘அமைதி’ என்று எழுதினார்கள். போனார்கள். வாகனம் கிளப்பிய புழுதி அடங்க முதல் மற்றவர்கள் வந்தார்கள், துவக்கோடு. மிச்சமிருந்த சீட்டுகளை எல்லாம் தாங்களே அடையாளமிட்டுப் பெட்டிக்குள் போட்டார்கள். ‘மெதுவா உள்ளுக்க வை, ஒருத்தரும் பாக்கேல்லை’ என்று அவர் கையிலும் ஒரு கட்டுச் சீட்டைத் திணித்தார்கள். வைத்தார். பிறகு, இத்தனை பேர் வந்து முறைப்படி வாக்களித்தார்கள் என்ற படிவத்தை நீட்டினார்கள்.

“போட்டன் பிள்ளை. என்ர கையெழுத்து நல்ல வடிவு. அண்டைக்கும் வடிவாத்தான் விழுந்தது.”

பிஸ்கட் தகரத்துக்குச் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்குக் கசந்தது.

ஆனால் அண்ணை அடுத்த நிமிடமே வேலையில் இறங்கிவிட்டார். ஐயோ, அந்த ஒரு மணித்தியாலம்! அக்கா பொரித்துக் கட்டிக் கொடுத்த ரோல்ஸ் பெட்டியை விரித்தார். எதையும் வாங்கக்கூடாது என்பது விதி என்று இருவரும் மறுத்தார்கள். ஜன்னல்களைக் காட்டினார். ஒவ்வொரு ஜன்னலின் கொளுக்கியையும் தனித்தனியே திறந்து பூட்டிக் காட்டினார். தீ அணைக்கும் கருவியின் காலாவதித் திகதியை உரக்க வாசித்தார். சுவரில் பிள்ளைகள் கீறிய யானைப் படங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். உயர்ந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணைக்கு உடம்பு ஒரு தரம் உதறியது. யாரும் வரப்போவதில்லை, இது டோர்ட்மண்ட் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கண் வாசலுக்கே போனது.

ஐந்தரைக்குக் கூட்டம் ஓய்ந்தது. “உங்கள் வாக்கு?” என்று ஃபிரௌ ப்ரிங்மான் நினைவூட்டினார். அண்ணை அதைக் கடைசிக்கு என்று வைத்திருந்தவர். காலையில் போட்டால் பின்நேரம் வரைக்கும் அது தொட்டிக்குள் தனியே கிடக்குமாம். சீட்டை எடுத்துக்கொண்டு மட்டைத் தடுப்புக்குள் போனார். நெடுநேரம் வரவில்லை. வரும்போது சீட்டை எட்டாக மடித்து இரண்டு விரலால் பிடித்திருந்தார். முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருந்தது. நான் அவர் பெயரைத் தேடினேன். தலைவி மட்டையைத் தூக்கினார். அண்ணை சீட்டை வெட்டுக்கு நேரே பிடித்தார். நான் அடையாளம் போட்டேன்.

சரியாக அந்த நேரம் கண்காணிப்பாளர்கள் இருவரும் எழுந்து மேலங்கியை எடுத்தார்கள்.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். தலைவி கைகுலுக்கப் போனார். அண்ணை அவரை முந்திக்கொண்டு ஓடி வாசலை மறித்தார்.

“உங்கள் படிவத்தில் வந்த நேரம் எழுத இடம் இருக்கிறது,” என்றார், நடுங்கும் ஜேர்மனில். “போகிற நேரம் எழுதவும் இடம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு நடப்பதை எங்கே எழுதுவீர்கள்?”

கண்ணாடிப் பெண் அவரையே பார்த்தாள். தன் படிவத்தைப் பார்த்தாள். மேலங்கியைக் கழற்றி மறுபடி கதிரையில் போட்டாள். “எண்ணி முடியும்வரை இருக்கிறோம்,” என்றாள். அண்ணை மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

ஆறு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. நீலத் தொப்பிக்காரர் சொன்னபடி வந்து, ஏழு வயதுப் பிள்ளையின் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தொட்டியைச் சரித்துச் சீட்டுகளை மேசைகளில் கொட்டினோம். முதலில் மொத்தச் சீட்டு, பிறகு இடாப்பில் உள்ள அடையாளம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒன்று குறைந்தது.

மறுபடி எண்ணினோம். ஒன்று குறைந்தது. தலைவி பத்துப் பத்தாக அடுக்கி மூன்றாம் தரம் எண்ணினார். அப்போதும் ஒன்று. தொப்பிக்காரர் கதிரையை ஓர் அடி முன்னுக்கு இழுத்தார். கண்காணிப்பாளர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அடையாளம் போட்டது நான். பிழை என்றால் அது என் பிழை. நாளைக்கு என்னவெல்லாம் சொல்வார்கள்!

அண்ணை நாலாம் தரம் எண்ணுவதற்காகக் கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. எட்டாக மடித்த அந்தச் சீட்டு! வாசலை மறிக்க ஓடின ஓட்டத்தில் அதைத் தொட்டிக்குள் விடாமல் பைக்குள் விட்டிருக்கிறார்.

அவர் நின்றது சீட்டுக் குவியலுக்குப் பக்கத்தில். தலைவி தொட்டிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய், தமிழில், உதடு அசையாமல் சொன்னேன்.

“அண்ணை, மெதுவா உள்ளுக்க வையுங்கோ. ஒருத்தரும் பாக்கேல்லை.”

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனையோ தரம் பயந்த முகம்தான். ஆனால் இந்தத் தரம் அவர் பயந்தது என்னைப் பார்த்து.

“நீயுமோ பிள்ளை?” என்றார்.

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அது அவருடைய சொந்த வாக்கு. அடையாளம் போட்ட வாக்கு. வைத்தால் கணக்கும் சரி, எங்கள் மானமும் தப்பும், அறுபத்தெட்டு வயதில் அவருடைய முதல் வாக்கும் எண்ணப்படும். வைக்காவிட்டால் மூன்றும் போச்சு. அண்ணையின் விரல்கள் பைக்குள்ளேயே துடித்தன. அவரால் முடியும் என்று நான் நினைக்கவில்லை. என்னால் முடிந்திராது.

அவர் சீட்டை வெளியே எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தார்.

“இங்கே இருக்கிறது. என்னிடம்தான். நான் போட மறந்துவிட்டேன். இந்தப் பெண்ணின் பிழை இல்லை.”

அண்ணை மற்றக் கையையும் நீட்டினார், விலங்கு மாட்ட வசதியாக. “பொலிசுக்கு எப்போது அறிவிப்பீர்கள்?” என்று கேட்டார். பகிடி இல்லை. மனுசன் காற்சட்டைப் பையிலிருந்து வீட்டுக் கதவின் திறப்பை எடுத்து என்னிடம் தந்து, “அக்காட்டைக் குடு,” என்றும் சொல்லிவிட்டார்.

ஃபிரௌ ப்ரிங்மான் தொட்டியிலிருந்து தலையை எடுத்தார். கைந்நூலைப் புரட்டினார். “பக்கம் இருக்கிறது,” என்றார். துவக்குக்கு இல்லாத பக்கம் இதற்கு இருந்தது! இப்படி நடப்பது உண்டாம். இடாப்பில் ஓர் அடையாளம் அதிகம், தொட்டியில் ஒரு சீட்டுக் குறைவு, காரணம் இன்னது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதுமாம்.

“ஒரு வாக்காளர் சீட்டோடு போய்விட்டார் என்று எழுதலாம். பெயர் தேவையில்லை,” என்றார் தலைவி, கருணையோடு.

“இல்லை,” என்றார் அண்ணை. “நடந்ததை எழுதுங்கள்.”

“உங்கள் வாக்கைச் சேர்க்க முடியாது. தொட்டி திறந்தாகிவிட்டது. தெரியும்தானே?”

“தெரியும்.”

அந்த ‘தெரியும்’ என்பதற்கு மட்டும் அவர் குரல் உடைந்தது. தலைவி சீட்டைப் பிரிக்காமலே ஓர் உறையில் போட்டு ஒட்டி அறிக்கையோடு இணைத்தார். பிறகு மிச்சத்தை எண்ணி முடித்தோம். ஏழரை போல எல்லோரும் கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. என் முறை முடிந்து பேனையை அண்ணையிடம் நீட்டினேன். அவர் அந்த வரியை ஒரு தரம் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பேனையை வாங்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினார். உண்மையாகவே வடிவான கையெழுத்து. அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

தொப்பிக்காரர் எழுந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்தோம். அவர் சின்னக் கதிரையைத் தூக்கி மேசைமேல் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இனிய ஞாயிறு,” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். கண்காணிப்புப் பெண் புறப்பட்ட நேரத்தைப் படிவத்தில் எழுதி மூடினாள். என்ன எழுதினாள் என்று அண்ணை கேட்டார். கருத்துச் சொல்ல அனுமதி இல்லையாம். ஆனால் படிவத்தைப் பைக்குள் வைத்துப் பூட்டிய பிறகு, அந்த ரோல்ஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு இரண்டு சாப்பிட்டாள்.

இப்போது பொதி கொண்டுவருகிறவன் வந்தால் அண்ணைதான் கீழே ஓடுகிறார். என் பொதிகளுக்கும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, நான் வேலையால் வந்ததும் ஒவ்வொன்றாகக் கணக்கு ஒப்புவிக்கிறார். பெரிய கரைச்சல்.

அந்த இலையுதிர் காலத்திலேயே நகரசபைத் தேர்தல் வந்தது. அதே வகுப்பறை, அதே குப்பைத் தொட்டி, அதே தலைவி. அண்ணை தடுப்புக்குள்ளிருந்து எட்டாக மடித்த சீட்டோடு வந்து நின்றார். வாசலில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பேனையை மேசையில் வைத்துவிட்டு அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டை விட்டுவிட்டு, தொட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாமல், என் பக்கம் திரும்பினார்.

“விழுந்திட்டுதோ பிள்ளை?”

“விழுந்திட்டுது அண்ணை. நான் பாத்தனான்.”